கியூபாவின் கரங்கள் – 7: நடக்காத சண்டைகள்

சென்ற வாரம் 1963 மார்ச் 21 இரவோடு நிறுத்தியிருந்தோம். லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர் ஸ்டேடியத்தில் ஒரே இரவில் இரண்டு கியூபாக்காரர்கள் உலகப் பட்டம் வென்றார்கள். எமில் கிரிஃபித்தை லூயிஸ் ரொட்ரிகஸ் வீழ்த்தினார். டேவி மூரை சுகர் ராமோஸ் வீழ்த்தினார். அடிபட்ட மூர் நான்கே நாளில் இறந்துபோனார்.

வென்ற இருவரும் ஹவானாவுக்குத் திரும்பவில்லை. திரும்பினால் அங்கே அவர்களுக்குத் தொழில் இல்லை. பணத்துக்காக விளையாடும் விளையாட்டு எதுவும் கியூபாவில் கூடாது என்று 1962-இல் ஃபிடல் காஸ்ட்ரோவின் அரசு தடை போட்டுவிட்டது.

ஹவானா தெருவில் பேப்பர் விற்று வளர்ந்து 1931-இல் நாட்டின் முதல் உலக சாம்பியனான கிட் சாக்லேட், 143 சண்டைகளில் ஒருமுறைகூட நாக் அவுட் ஆகாத கிட் கவிலான் என்று நாம் இதுவரை பார்த்த பெரும் பரம்பரை அந்த ஒரு ஆணையில் இரண்டாகப் பிளந்தது. கடல் தாண்டியவர்கள் ஒரு பக்கம். மண்ணில் தங்கியவர்கள் ஒரு பக்கம்.

தங்கியவர்களில் ஒருவனின் கதைதான் இந்த வாரம்.

✦

கியூபாவின் கிழக்கே புவெர்ட்டோ பாத்ரே என்ற கரும்பு நாட்டுத் துறைமுக ஊர். அங்கே 1952 மார்ச் 29-இல் தியோஃபிலோ ஸ்டீவன்சன் பிறந்தான். அப்பா செயின்ட் வின்சென்ட் தீவிலிருந்து பிழைக்க வந்தவர். பெயரில் ஆங்கில வாடை வந்தது அப்படித்தான்.

பையன் நெடுநெடுவென்று வளர்ந்தான். அவன் கையுறை மாட்டிய காலத்தில் நாட்டில் மேனேஜர் கிடையாது, டிக்கெட் வசூல் கிடையாது. அரசு நடத்தும் பள்ளி உண்டு. அந்தப் பள்ளிக்கு அல்சிதெஸ் சகர்ரா என்ற உள்ளூர் ஆசான் தலைமை தாங்கினார். சோவியத் நாட்டிலிருந்து ஆந்த்ரேய் செர்வோனென்கோ என்ற பயிற்சியாளர் வந்து சேர்ந்தார். கரீபியக் கால்களுக்கு ஆட்டம் தெரியும். ரஷ்யப் பாடம் அதற்குக் கட்டுக்கோப்பு தந்தது. தூரம் பார், இடது கையால் அளந்துகொள், எதிரி நுழையும் நொடிக்குக் காத்திரு. கியூபப் பாணி என்று இன்று உலகம் சொல்வது இந்த இரண்டும் சேர்ந்த கலவையைத்தான்.

1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் கியூபாவுக்கு குத்துச்சண்டையில் இரண்டு வெள்ளி கிடைத்தது. தங்கம் இல்லை. ஸ்டீவன்சனுக்கு அப்போது வயது 16.

✦

மூனிக், 1972.

கால் இறுதியில் எதிரே நின்றவர் அமெரிக்கக் கடற்படை வீரர் டுவேன் பாபிக். தங்கம் இவருக்குத்தான் என்று அமெரிக்கப் பத்திரிகைகள் முன்கூட்டியே எழுதிக்கொண்டிருந்தன. அதற்குக் காரணமும் இருந்தது. முந்தைய ஆண்டு காலி நகரில் நடந்த பான் அமெரிக்கப் போட்டியில் இதே ஸ்டீவன்சனை பாபிக் வென்றிருந்தார். மூனிக்குக்கான அமெரிக்கத் தேர்வில் அவரிடம் தோற்ற இளைஞன் பெயர் லாரி ஹோம்ஸ். ஆம், பின்னாளில் உலகப் பட்டத்தை ஏழாண்டு வைத்திருந்த அதே ஹோம்ஸ்.

முதல் சுற்று ஸ்டீவன்சனுக்கு. இடது கையை நீட்டி நீட்டி பாபிக்கை வாசலிலேயே நிறுத்திவைத்தார்.

இரண்டாம் சுற்றில் பாபிக் உள்ளே புகுந்துவிட்டார். இருபது வயதுப் பையன் பின்வாங்கினான். காலியில் நடந்ததே இங்கும் நடக்கப்போகிறது என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

மூன்றாம் சுற்று. அதுவரை பத்திரமாக வைத்திருந்த வலது கை வந்தது.

அந்தக் கையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கனரக வீரர்கள் பலருக்கும் வலது குத்து தோளைச் சுற்றிக்கொண்டு வரும். வருவது தெரியும், தலையைச் சாய்க்கலாம். ஸ்டீவன்சனின் வலது கை நேர்கோட்டில் வந்தது. இடது கை எதிரியின் கண்ணை மறைத்திருக்கும்போதே வந்தது. பழைய படச்சுருளில் பார்த்தால் இன்றும் அது கிளம்பும் இடம் நமக்குப் பிடிபடாது. சேரும் இடம்தான் தெரியும்.

பாபிக் விழுந்தார். எழுந்தார். மறுபடி விழுந்தார். மூன்றாம் முறை விழுந்ததும் நடுவர் சண்டையை நிறுத்தினார்.

அரை இறுதியில் ஜெர்மனியின் பீட்டர் ஹுஸ்ஸிங் இரண்டு சுற்றோடு முடிந்தார். ருமேனியாவின் இயோன் அலெக்ஸே கையில் காயம் என்று இறுதிச் சண்டைக்கு வரவே இல்லை. அந்த ஒலிம்பிக்கின் சிறந்த குத்துச்சண்டை வீரருக்கான வால் பார்க்கர் கோப்பையும் ஸ்டீவன்சனுக்கே போனது.

கியூபா அந்த ஆண்டு மூன்று தங்கத்தோடு ஊர் திரும்பியது. ஓர்லாண்டோ மார்ட்டினெஸ், எமிலியோ கொரெயா, ஸ்டீவன்சன். தடைச்சட்டத்தோடு கியூபக் குத்துச்சண்டை செத்துவிட்டது என்று மயாமியில் பேசியவர்களுக்குப் பத்தாண்டு கழித்து வந்த பதில் அது.

✦

பதிலின் பின்னாலேயே பணமும் வந்தது.

அமெரிக்கத் தரகர்கள் ஸ்டீவன்சனைத் தேடி ஆள் அனுப்பினார்கள். பத்து லட்சம் டாலர் என்று பேச்சு தொடங்கியது. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்குக்குப் பிறகு முகமது அலியோடு ஒரே ஒரு சண்டைக்கு ஐம்பது லட்சம் டாலர் வரை பத்திரிகைகளில் அடிபட்டது. கையெழுத்துப் போட்டால் போதும்.

அவர் போடவில்லை. எண்பது லட்சம் கியூப மக்களின் அன்புக்கு முன்னால் இந்தப் பத்து லட்சம் டாலர் எந்த மூலைக்கு என்று அவர் கேட்டது உலகம் முழுக்கப் பரவியது.

இதை எங்கள் புதுக்கோட்டைப் பக்கத்து வழக்கத்தை வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. தச்சங்குறிச்சியிலோ விராலிமலையிலோ வாடிவாசல் திறந்தால் முதலில் வருவது கோயில் காளை. அதை யாரும் அணைய மாட்டார்கள். அதற்கு யாரும் விலை பேச மாட்டார்கள். எவ்வளவு பணம் படைத்தவனும் அதன் கயிற்றைக் கேட்டு ஊர்ப் பெரியவர் முன் நிற்க மாட்டான், ஏனென்றால் அது ஒருவர் வீட்டுக் காளை இல்லை, ஊர்க் காளை. கியூபாவுக்கு ஸ்டீவன்சன் அப்படி ஆகிப்போனார்.

ஆனால் காளையிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. ஸ்டீவன்சன் மனிதர். அவரிடம் கேட்டார்கள், அவர் பதில் சொன்னார். அந்தப் பதில் எவ்வளவு தூரம் அவருடையது?

எதிர்த்துப் பேசுகிறவர்கள் சொல்வதை ஒதுக்கிவிட முடியாது. சரி என்று சொல்லியிருந்தால் அவர் நாட்டைவிட்டுப் போயிருக்க வேண்டும். அம்மா முகம், ஊர், நண்பர்கள் எல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம் தங்கிவிடும். மறுத்தவருக்கு வீடும் காரும் நாட்டின் தலைவரோடு நட்பும் கிடைத்தன. இப்படி ஒரு தராசில் சொன்ன சொல்லை முழுச் சுதந்திரத்தில் சொன்னதாக எடுத்துக்கொள்ளலாமா என்று அவர்கள் கேட்கிறார்கள்.

நியாயமான கேள்விதான். எனினும் ஸ்டீவன்சன் 2012 ஜூன் 11-இல் ஹவானாவில் இறக்கும்வரை, சோவியத் உதவி நின்று கியூபா பசியில் கிடந்த ஆண்டுகளிலும், அந்தச் சொல்லை மாற்றிப் பேசவில்லை. அச்சத்தில் சொன்ன சொல்லாக இருந்தால் நாற்பது ஆண்டு தாங்கியிருக்காது என்றே நான் நம்புகிறேன்.

✦

மாண்ட்ரியலில் நடந்ததை ஓரிரு வரியில் கடந்துவிடலாம், ஏனென்றால் சண்டைகளே அவ்வளவு சீக்கிரம் முடிந்தன. அரை இறுதியில் அமெரிக்காவின் ஜான் டேட் முதல் சுற்றிலேயே சாய்ந்தார். இறுதியில் ருமேனியாவின் மிர்சியா சிமோன் இரண்டு சுற்று ஓடித் தப்பினார். மூன்றாம் சுற்றில் வலது கை பட்டதும் அவர் பக்கத்திலிருந்து துண்டு பறந்தது.

இந்த ஜான் டேட்டை மறந்துவிடக் கூடாது. மூன்றே ஆண்டில், 1979 அக்டோபரில், அவர் தொழில்முறை உலக ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார்.

வாதம் இங்கேதான் சூடு பிடிக்கிறது. ஸ்டீவன்சன் ஒரே சுற்றில் தூக்கி எறிந்தவர் உலக சாம்பியன். 1975 பான் அமெரிக்க இறுதியில் அவரிடம் தோற்ற மைக்கேல் டோக்ஸும் 1982-இல் உலக சாம்பியன். அப்படியானால் ஸ்டீவன்சன் யார்?

எதிர்த் தரப்பிலும் கணக்கு இருக்கிறது. சோவியத் வீரர் இகோர் விசோட்ஸ்கி ஸ்டீவன்சனை இரண்டு முறை வென்றவர். 1982 உலகப் போட்டியில் இத்தாலியின் ஃபிரான்செஸ்கோ டாமியானி புள்ளிகளில் வென்றார். அவன் இவனை அடித்தான், இவன் அவனை அடித்தான் என்று சங்கிலி கட்டிக்கொண்டே போனால் அது எந்தப் பக்கமும் நீளும். மூனிக்கில் விழுந்த பாபிக் தொழிலுக்குப் போய் 38 சண்டை வரிசையாக வென்றார், பிறகு கென் நார்ட்டனிடம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. இதில் எதை எதற்குச் சாட்சியாக எடுப்பது?

என் கணிப்பைச் சொல்லிவிடுகிறேன். 1976-இல் அலிக்கு 34 வயது, ஸ்டீவன்சனுக்கு 24. அமெச்சூர் சண்டை அன்று மூன்று சுற்று, தொழில்முறைப் பட்டச் சண்டை பதினைந்து சுற்று. மூன்று சுற்று என்றால் ஸ்டீவன்சன். பதினைந்து என்றால் அலி.

1974-இல் கின்ஷாசாவில் அலி என்ன செய்தார்? ஜார்ஜ் ஃபோர்மனை அடிக்க விட்டு, கயிற்றில் சாய்ந்து, அடியின் கனத்தை அளந்து, எட்டாம் சுற்றில் கணக்கை முடித்தார். அடுத்த ஆண்டு மணிலாவில் ஜோ ஃபிரேஸியரோடு பதினான்கு சுற்று. முதல் மூன்று சுற்றுகள் அலிக்கு எதிரியைப் படிக்கும் பாடம். ஸ்டீவன்சனுக்கு அதுவே முழுப் பரீட்சை. ஒருவர் ஒன்பது நிமிடத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிடப் பழகியவர். இன்னொருவர் ஒரு மணி நேரத்துக்குத் தன்னைப் பங்கிட்டுக்கொள்ளத் தெரிந்தவர். இரண்டும் ஒரே கையுறையை மாட்டிக்கொண்டு ஆடும் இரண்டு வேறு விளையாட்டுகள்.

இரு தரப்பையும் இணைக்க, மூன்று மூன்று சுற்றாகப் பல ஊர்களில் நடத்தலாம் என்ற பேச்சும் எழுந்தது. அதுவும் கைகூடவில்லை.

✦

அலி–ஸ்டீவன்சன் சண்டையையே எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு உறுத்துவது வேறொரு சண்டை.

1972 மூனிக்கில் வெல்டர்வெயிட் பிரிவில் தங்கம் வென்றவர் கியூபாவின் எமிலியோ கொரெயா. அதே மாதத்தில் தொழில்முறை வெல்டர்வெயிட் உலக சாம்பியன் யார்? ஹோசே நாப்போலஸ். சாந்தியாகோ தெ கூபாவில் பிறந்து, தடை வந்ததும் மெக்சிகோவுக்குப் போய்க் குடியேறியவர். வெண்ணெய் போல வழுக்கி வழுக்கிச் சண்டையிடுவதால் ‘மாந்தெகிய்யா’ என்று பெயர் பெற்றவர்.

அதே எடை, அதே ஆண்டு, அதே தீவு. உலகின் இரண்டு முடிகளும் கியூபாக்காரர்களின் தலையில். ஒருவர் மெக்சிகோ சிட்டியில், இன்னொருவர் ஹவானாவில். இருவரும் ஒரே மேடை ஏற வழியே இல்லை.

கியூபாவின் மிகப் பெரிய வீரர் யார் என்ற வாதத்துக்குத் தீர்ப்பு கிடைக்காமல் போனதன் வேர் இதில்தான் இருக்கிறது. அமெரிக்காவோடு கியூபா மோதாதது பிறகு. கியூபாவோடு கியூபா மோதவில்லை. 1962-க்கு முன்னால் ஹவானாவில் ஒரு பையன் அமெச்சூராகத் தொடங்கி, தொழிலுக்குப் போய், தனக்கு மூத்தவனை அடித்துத்தான் பெரியவன் ஆனான். அந்த ஏணி உடைந்த பிறகு ஒரு தலைமுறை இன்னொரு தலைமுறையை அளக்கவே இல்லை.

கைத்திறன் ஒன்றை மட்டும் பார்த்தால் என் ஓட்டு நாப்போலஸுக்கு. 1969-இல் கர்ட்டிஸ் கோக்ஸிடம் பட்டத்தைப் பறித்தவிதத்தைப் பார்த்தவர்கள் என்னோடு அதிகம் சண்டைக்கு வரமாட்டார்கள். ஆனால் ஸ்டீவன்சன் பெயரைச் சொல்லும்போது கியூபக் கிழவர்கள் எழுந்து நிற்பது கைத்திறனுக்காக மட்டும் இல்லை.

கொரெயா குடும்பத்தோடு நமக்கும் ஒரு கணக்கு உண்டு. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கின் மிடில்வெயிட் அரை இறுதியில் நம் விஜேந்தர் சிங்கை 8–5 என்று வென்றவர் அந்த எமிலியோ கொரெயாவின் மகன். விஜேந்தர் வாங்கிய வெண்கலம் ஒலிம்பிக் குத்துச்சண்டையில் இந்தியாவின் முதல் பதக்கம். அவரை வளர்த்த பயிற்சியாளர் குழுவில் 1990 முதல் இந்தியாவில் பணியாற்றிய கியூபாக்காரர் பி.ஐ. ஃபெர்னாண்டஸ் இருந்தார். துரோணாச்சாரியார் விருது பெற்ற முதல் வெளிநாட்டவர் அவர். அந்தக் கதைக்குத் தனி அத்தியாயம் வைத்திருக்கிறேன்.

✦

1980. காட்சி நம் ஊருக்கு வருகிறது.

ஆண்டின் தொடக்கத்தில் அலி இந்தியாவுக்கு வந்தார். அப்போது அவர் ஓய்வு அறிவித்திருந்த நேரம். டெல்லியில் பஞ்சாப் வீரர் கௌர் சிங்கோடு காட்சிச் சண்டை. மெட்ராஸில் நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை. எல்லிஸ் முன்னாள் உலக சாம்பியன், அலிக்குச் சிறுவயதுத் தோழர்.

வந்த கூட்டம் சும்மா வேடிக்கை பார்க்க வந்த கூட்டமாக இருந்திருக்காது. சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரை பரம்பரையாகக் குத்துச்சண்டையை மானப் பிரச்சினையாக வளர்த்த வடசென்னை இருக்கும் ஊர் அது. இடது கை எப்போது நீளும், கால் எப்போது நகரும் என்று பார்க்கத் தெரிந்த கண்கள் அந்த மக்களுக்கு உண்டு. பா. ரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ படம் 2021-இல் வந்தபோது இளைஞர்கள் வியந்த உலகம், அங்கே பல தாத்தாக்களுக்குச் சொந்த அனுபவம்.

அலி இந்தியாவில் இருந்தபோதுதான் வாஷிங்டனிலிருந்து அழைப்பு வந்தது. ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைந்ததைக் கண்டித்து மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணிக்க வேண்டும் என்று அதிபர் ஜிம்மி கார்ட்டர் முடிவெடுத்திருந்தார். ஆப்பிரிக்க நாடுகளையும் இழுக்க வேண்டும். அதற்கு அலியின் முகம் தேவைப்பட்டது. அமெரிக்க அரசின் விமானம் இந்தியாவிலிருந்தே அவரை டான்சானியாவுக்குக் கொண்டுபோனது.

அங்கே அதிபர் ஜூலியஸ் நைரேரே அவரைப் பார்க்க மறுத்துவிட்டார். நிருபர்கள் நேராகக் கேட்டார்கள்: தென்னாப்பிரிக்க நிறவெறிக்காக 1976-இல் ஆப்பிரிக்கா மாண்ட்ரியலைப் புறக்கணித்தபோது அமெரிக்கா எங்கே போயிருந்தது? அலி திகைத்தார். அந்த விவரம் தனக்குத் தெரியாது என்று வெளிப்படையாகச் சொன்னார். தன்னைத் தவறான வேலைக்கு அனுப்பிவிட்டார்களோ என்று அங்கேயே சந்தேகம் எழுப்பினார்.

வியட்நாம் போருக்குப் போகமாட்டேன் என்று 1967-இல் அரசிடம் மறுத்துப் பட்டத்தை இழந்தவர் அலி. பணத்திடம் மறுத்துப் பட்டத்தைத் தேடாமல் விட்டவர் ஸ்டீவன்சன். மேடையில் சந்திக்க வேண்டிய இருவரை 1980-இல் அரசியல் வேறுவிதமாக எதிரெதிரே நிறுத்தியது. ஒருவர் மாஸ்கோவுக்குப் போகாதீர்கள் என்று கண்டம் சுற்றிக்கொண்டிருந்தார். இன்னொருவர் அதே மாஸ்கோவுக்காக உடம்பைத் தயார் செய்துகொண்டிருந்தார்.

✦

இந்தியா மாஸ்கோவுக்குப் போனது. சென்னைக்காரர் வி. பாஸ்கரன் தலைமையில் ஹாக்கித் தங்கம் வென்று திரும்பியது நம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும்.

அதே ஒலிம்பிக்கில் கியூபா குத்துச்சண்டையில் மட்டும் ஆறு தங்கம் அள்ளியது. ஆனால் ஸ்டீவன்சனின் வலது கையில் பழைய இடி இல்லை. அரை இறுதியில் ஹங்கேரியின் இஸ்த்வான் லேவாய் மூன்று சுற்றும் நின்றார். ஒலிம்பிக்கில் ஸ்டீவன்சனிடம் கடைசி மணிவரை நின்ற முதல் ஆள் அவர்தான். இறுதியில் சோவியத்தின் பியோத்தர் ஸயேவும் நின்றார். புள்ளிகளில்தான் வெற்றி.

மூன்றாவது தங்கம். மூன்று ஒலிம்பிக்கில் ஒரே எடைப் பிரிவில் மூன்று தங்கம் வென்ற முதல் குத்துச்சண்டை வீரர் ஸ்டீவன்சன். அவருக்கு முன்பு மூன்று தங்கம் வென்ற ஹங்கேரியின் லாஸ்லோ பாப் எடை மாறி வென்றவர்.

இரண்டு மாதம் கழித்து, 1980 அக்டோபர் 2-இல், ஓய்வை முறித்துக்கொண்டு லாஸ் வேகஸ் மேடை ஏறினார் அலி. எதிரே லாரி ஹோம்ஸ். பத்தாம் சுற்று முடிந்ததும் அலி நாற்காலியிலிருந்து எழ அவருடைய ஆட்களே விடவில்லை. நடக்காத சண்டை இனி ஒருநாளும் நடக்காது என்று ஆனது அன்றுதான்.

1984 லாஸ் ஏஞ்சலஸுக்கும் 1988 சோலுக்கும் கியூபா அணியை அனுப்பவில்லை. நான்காவது தங்கம் கிடைத்திருக்குமா என்ற கேள்வியையும் அரசியலே விழுங்கியது. 1996-இல் மருந்து உதவியோடு அலி ஹவானாவில் வந்து இறங்கியபோது அவரை வரவேற்க நின்றவர்களில் ஸ்டீவன்சனும் ஒருவர்.

அந்த 1996-ஆம் ஆண்டில் வேறொன்றும் நடந்தது. அட்லாண்டா ஒலிம்பிக்குக்காக மெக்சிகோவின் குவாதலஹாராவில் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த கியூப அணியிலிருந்து இரண்டு பேர் காணாமல் போனார்கள். ஒருவர் ரமோன் கார்பே. மற்றவர் ஹோயல் கசமாயோர், 1992 பார்சலோனாவில் தங்கம் வென்றவர். அந்தத் தங்கத்துக்குத் தனக்குக் கிடைத்த பரிசு ஒரு சைக்கிள் என்று அவர் பின்னர் சொன்னார்.

ஐம்பது லட்சம் டாலருக்கு ஸ்டீவன்சன் பூட்டிய கதவை, அதே பள்ளியில் அதே ஆசானிடம் படித்த கசமாயோர் திறந்துகொண்டு போனது ஏன்?

(அடுத்த வாரம்)